உயரத்தில் ஒரு வயிறு

என் அண்ணன் கிரேன் ஓட்டுகிறான். சாலையில் ஊர்ந்து போகும் கிரேன் இல்லை. கட்டிடத்தோடு சேர்ந்து தானும் வளர்ந்து, வானத்தில் ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு நிற்குமே, அது. அதன் உச்சியில் தீப்பெட்டி அளவுக்குத் தெரியும் கண்ணாடிக் கூண்டில் காலையில் ஏறி உட்கார்ந்தான் என்றால் மதியம்தான் இறங்க வேண்டும். பல நாள் அப்போதும் இறங்க மாட்டான். ஏணி ஏணியாக இறங்கி மறுபடி ஏறுவதற்குள் சாப்பாட்டு நேரமே முடிந்துவிடும்.

அந்தக் கூண்டில் எல்லாம் இருக்கிறது. சாய்ந்து உட்கார நல்ல இருக்கை, சின்ன மின்விசிறி, தண்ணீர் பாட்டில், கண்ணாடி துடைக்க ஒரு பழைய பனியன், கீழே இருப்பவர்களோடு பேச வாக்கி டாக்கி. இல்லாதது ஒன்றே ஒன்று, கழிப்பறை. இரண்டு வருடமாக அவன் அதை நினைக்காமல் அந்த ஏணியில் கால் வைத்ததில்லை.

எனக்கு இது தெரியவந்தது ஊர் திரும்பிய முதல் வாரத்தில். சில வருடம் தேசம் தேசமாக அலைந்துவிட்டு அண்ணன் வீட்டு முன்னறையில் வந்து படுத்திருந்தேன். பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. அந்த அறையிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் வாசல், மறுபக்கம் கழிப்பறைக் கதவு. விடிந்தும் விடியாமலும் அண்ணன் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போவான். வருவான். சட்டை போடுவான். மறுபடி போவான். ஷூவை மாட்டி, கயிறு கட்டி, வாசல் வரை போய், நின்று யோசித்து, ஷூவைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே.

"என்னங்க, ஷூவை உள்ளயே கழட்டி வெச்சிடுங்களேன். வாசலுக்கும் பாத்ரூமுக்கும் நடந்தே அடி தேஞ்சிடும் போல," என்பார் அண்ணி, சமையலறையிலிருந்தே.

"நேரமாச்சு, நீ வேற."

"நேரமாச்சுன்னா கெளம்புங்க."

"கெளம்பறேன்." கதவு சாத்திக்கொள்ளும்.

அவன் போனபிறகு கேட்டேன். "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா அண்ணி?"

"உடம்பெல்லாம் கல்லு. வயிறுதான் கண்ணாடி," என்றார்.

சின்ன வயதிலும் அவனுக்கு அப்படித்தான். பரீட்சை அன்று காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். படிக்காதவனுக்கு வயிறு வலிக்கத்தான் செய்யும் என்று அம்மா முதுகில் ஒன்று வைத்து அனுப்புவார். வாத்தியார் நம்பவில்லை, கூடப்படித்தவர்கள் நம்பவில்லை, சிரித்துக்கொண்டே பார்த்த நானும் நம்பவில்லை. படிப்பை விட்டதும் கம்பி கட்டும் வேலைக்குப் போனான். அப்புறம் கிரேனின் கொக்கியில் சுமையைக் கட்டி அனுப்பும் வேலை. தான் கட்டிய மூட்டை வானத்தில் போவதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டான். ஏறினவனுக்கு வயிறு அடங்கிப்போனது. அங்கே யாரும் அவனைக் கேள்வி கேட்பதில்லை. நீளமான இரும்பை நூல் பிடித்ததுபோல இறக்கி வைப்பான். நிரம்பிய டம்ளரைக்கூட சிந்தாமல் வைப்பான் என்று சைட்டில் சொல்வார்கள். அந்தப் பேச்சு அவன் காதுக்கு எட்டினால் அன்றைக்கு இரண்டு முறை முகம் கழுவுவான்.

பிறகு எங்கேயோ ஒரு விருந்தில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டவர்கள் எல்லோருக்கும் காய்ச்சல், பேதி. மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அண்ணனுக்குக் காய்ச்சல் மட்டும் போனது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு மத்தளம் மாதிரி உப்பும். அடிவயிற்றில் யாரோ துணி பிழிவதுபோல ஒரு முறுக்கு. உடனே ஓட வேண்டும். ஓடிவிட்டு வந்தால் வலி இறங்கும், கொஞ்ச நேரத்துக்கு. சில நாள் அதற்கு நேர் மாறாக ஒன்றுமே போகாமல் இறுகிக்கிடக்கும்.

சாப்பாட்டில்தான் வில்லன் இருக்கிறான் என்று அவன் முடிவுகட்டினான். அண்ணியின் சமையலறை போலீஸ் ஸ்டேஷன் ஆனது. முதலில் பாலைப் பிடித்து உள்ளே போட்டான். அப்புறம் வெங்காயம், பூண்டு. பருப்பு. கோதுமை. மிளகாயை விசாரிக்கவே இல்லை, நேரே தண்டனை. ஒரு வாரம் நன்றாக இருந்தால் கண்டுபிடித்துவிட்டேன் என்பான். அடுத்த வாரம் ஒன்றும் சேர்க்காத வெறும் சோறே அவனைக் கிடுக்கிப்பிடி போடும்.

"சோத்துல என்ன போட்டே?"

"உப்பு."

"வேற?"

"பாசம். அது ஆகாதுன்னா சொல்லிடுங்க, அதையும் நிறுத்திடறேன்."

கடைசியில் அவன் எடுத்த முடிவு, வேலைக்குப் போகும் நாளில் ஒன்றுமே சாப்பிடுவதில்லை என்பது. வெறும் வயிற்றில் ஏறுவான், வெறும் வயிற்றோடு இறங்குவான், வீட்டுக்கு வந்து ஒரேயடியாகச் சாப்பிடுவான், ராத்திரி உருளுவான்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த என்னை ஒரு நாள் அவன்தான் கூப்பிட்டான். "ஏய் ஊர்சுத்தி, கேட்டுல ஒரு ஆள் வேணுமாம். உக்காந்து எழுதற வேலை. வர்றியா?" அடுத்த பயணத்துக்கு வழி பிறக்கும் வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு போனேன். சைட் வாசலில் ஒரு தகர அறை. வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டு ஹெல்மெட் கொடுக்க வேண்டும். மேசையில் ஒரு வாக்கி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் அண்ணனின் குரலும், கீழே நின்று அவனுக்குச் சிக்னல் சொல்கிறவரின் குரலும் நாள் முழுக்கக் கேட்கும். சிக்னல்காரரை எல்லோரும் விசில் என்றே கூப்பிட்டார்கள். வாக்கி வராத காலத்தில் வாயாலேயே விசில் அடித்துக் கிரேனுக்கு வழி சொன்னவராம்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மேலே இருப்பவன் காற்று அதிகம் என்று சொல்லிவிட்டால் கீழே யாரும் மறுபேச்சு பேசக்கூடாது. காற்றை அளக்கும் கருவியின் முள் அவன் கண்முன்னால்தான் இருக்கிறது. அவன் சொன்னால் சுமையை இறக்கிவிட்டு, கிரேனின் கையைக் காற்றோடு திரும்பும்படி விட்டுவிட்டு, வேலையை நிறுத்தி அவன் இறங்கி வந்துவிடலாம்.

நான் போன சில நாளிலேயே அப்படி ஒரு நிறுத்தம் வந்தது. "விசில், காத்து ஜாஸ்தி. நிறுத்தறேன்," என்றது அண்ணன் குரல். என் மேசையில் கிடந்த காகிதம் அசையவில்லை. சாரத்தில் யாரோ காயப்போட்ட துண்டு தொங்கியது தொங்கியபடி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் என் அறையைத் தாண்டி, பின்னால் இருக்கும் கழிப்பறைப் பக்கம் போனான். ஓடவில்லை. ஓடுகிறவன் ஓடாமல் நடந்தால் எப்படி இருக்குமோ அப்படி நடந்தான்.

சாயங்காலம் சேர்ந்து திரும்பினோம். அவன் பேருந்தில் ஏறுவதில்லை. நடந்துதான் போவான், அதுவும் சுற்றுவழியாக. பெட்ரோல் பங்க், நூலகம், ஆஸ்பத்திரியின் வெளிநோயாளி வாசல் என்று அவனுடைய பாதைக்கு ஒரு கணக்கு இருந்தது.

"மேல அவ்வளவு காத்தா அண்ணா?"

"மேல அடிக்கறது கீழ தெரியாது உனக்கு."

"துண்டுகூட ஆடலையே."

நடையை எட்டிப் போட்டான். வாயில் எதையோ மென்றுகொண்டே இருந்தான். "யார்கிட்டயும் வாயைத் திறக்காதே," என்றான் கடைசியில்.

"வயித்துக்கோளாறுன்னு சொன்னா என்ன, தலையா போயிடும்?"

"சீட்டு போயிடும். கொக்கியில சுமை தொங்கறப்ப ஆபரேட்டர் சீட்டை விட்டு எழுந்திரிக்கக் கூடாது. என்ன ஆனாலும். கீழ ஆளுங்க நிப்பாங்க. எப்ப எழுந்து ஓடுவான்னு தெரியாதவனை எவன் மேல ஏத்துவான்? நான் என்ஜினியரா இருந்தா நானே ஏத்த மாட்டேன்."

"சுமை தொங்கறப்ப எப்பவாவது..."

"இதுவரைக்கும் இல்ல." அவன் நின்றான். பக்கத்தில் நூலகம். "இரு, வந்துடறேன்."

அன்றிலிருந்து என் வேலை கெட்டது. ஹெல்மெட்டை நீட்டிக்கொண்டே அண்ணாந்து பார்ப்பேன். வாக்கியில் அவன் பதில் சொல்ல ஒரு மூச்சு நேரம் தாமதமானாலும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். கொக்கியில் ஏதாவது தொங்குகிறதா என்று பார்ப்பேன். எப்போதும் ஏதாவது தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

நானும் அண்ணியும் சேர்ந்து அவனை டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனோம். தனியாக விட்டால் தலைவலி என்று சொல்லி மாத்திரை வாங்கி வந்துவிடுவான். டாக்டர் ஒரு பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். கேட்க வேண்டியதையெல்லாம் கூச்சமில்லாமல் கேட்டார். அண்ணன் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதிலெல்லாம் அண்ணிதான்.

"மோஷன்ல ரத்தம் போகுதா?"

"இல்ல டாக்டர்."

"தூக்கத்துல எழுப்புதா?"

"தூங்கிட்டா தூங்கறார். முழிச்சதும் ஆரம்பிச்சிடுது."

"எடை கொறஞ்சிருக்கே."

"சாப்பிட்டாத்தானே டாக்டர் ஏறும்."

எடை குறைந்திருப்பதால் எதையும் சும்மா விட முடியாது என்று ரத்தம், மலம் எல்லாம் சோதிக்கச் சொன்னார். முடிவு வரும்வரை அண்ணன் முகத்தில் ஈ ஆடவில்லை. தனக்கு வரக்கூடிய எல்லா நோயையும் ஃபோனில் படித்து முடித்துவிட்டான். மறுபடி போனபோது டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை, ஐ.பி.எஸ்ஸாக, அதாவது குடல் எரிச்சல் நோயாக இருக்கலாம் என்றார்.

"இருக்கலாம்னா?" அண்ணன் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"இதுதான்னு காட்ட தனியா ஒரு டெஸ்ட் கெடையாது. மத்தது எதுவும் இல்லைன்னு பார்த்து, நீங்க சொல்றதைக் கேட்டு, அப்படித்தான் சொல்ல முடியும். உங்க குடல் பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா தொட்டாச்சிணுங்கி. மத்தவங்களுக்குத் தெரியாத சின்ன அசைவுகூட அதுக்கு வலியாத் தெரியும்."

"அப்ப எல்லாம் என் மனசுலதான்னு சொல்றீங்க."

"நான் அப்படிச் சொல்லல. வலி நெசம். பயந்தா ஜாஸ்தியாகும். வலிச்சா பயம் ஜாஸ்தியாகும். ரெண்டும் ஒண்ணையொண்ணு கிள்ளி விட்டுட்டே இருக்கும்." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வேலை நேரத்துல என்ன சாப்பிடுவீங்க?"

"ஒண்ணுமே சாப்பிட மாட்டேன் டாக்டர்," என்றான் அண்ணன், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவனைப்போல.

"அப்ப வாயில என்ன?"

மென்றுகொண்டிருந்த தாடை நின்றது. சூயிங் கம். பசி தெரியாமல் இருக்க மேலே நாள் முழுக்க மெல்வான், சர்க்கரை இல்லாதது, பல்லுக்கு நல்லது, மருந்துக்கடையில் விற்பது என்று அண்ணி விளக்கினார். அண்ணி வேலை செய்வது மருந்துக்கடையில்தான். அட்டை அட்டையாக வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

"ஒரு நாளைக்கு எத்தனை?" என்றார் டாக்டர்.

அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்தான். "ஒரு அட்டை. காத்து... வேலை ஜாஸ்தியா இருந்தா ரெண்டு."

சர்க்கரைக்குப் பதிலாக அதில் போடும் இனிப்பைக் குடல் சரியாக உறிஞ்சாது, அது தண்ணீரை இழுத்துக்கொண்டு கீழே ஓடும், கூடவே உப்பவும் வைக்கும், நல்ல வயிற்றையே இத்தனை கம் ஓடவிட்டுவிடும் என்றார் டாக்டர். எதையும் ஒரேயடியாக விலக்க வேண்டாம், ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும், பட்டினி கிடக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக வேளைக்குச் சாப்பிட வேண்டும். கடைசியாக இன்னொன்றும் சொன்னார். "வேலை செய்யற எடத்துல யாராவது ஒருத்தர்கிட்டயாவது சொல்லி வைங்க. எப்ப வேணா எறங்கலாம்னு தெரிஞ்சாலே பாதி அடங்கும்."

அதற்கு மட்டும் அண்ணன் தலையாட்டவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அண்ணி எங்களுக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தார். வீட்டுப் படியேறும்போதுதான் வெடித்தார். "ரெண்டு வருஷம். ரெண்டு வருஷமா என் சமையலைக் குத்தவாளிக் கூண்டுல ஏத்தினீங்க. வெங்காயத்தைப் பார்த்தே எனக்கு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"கம்மை வாங்கித் தந்தது யாரு?"

"கேட்டது யாரு?"

நான் நடுவில் புகுந்து கதவைத் திறந்தேன். அன்று இரவு அண்ணி தனக்கு மட்டும் வெங்காயம் போட்டு ஒரு முட்டை பொரித்து, அவன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

கம்மை விட்டதும் அவனுக்குப் பாதி குறைந்தது. பாதிதான். பால் உண்மையிலேயே ஆகவில்லை. பருப்பு கொஞ்சமாக இருந்தால் ஆனது, கோதுமையைப் பாவம் அநியாயமாகத் தண்டித்திருந்தான். ஆனால் மிச்சம் இருந்த பாதி எந்தச் சாப்பாட்டுக்கும் கட்டுப்படவில்லை. நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும், ஏணியில் கை வைத்ததும் வயிறு விழித்துக்கொள்ளும். அவனுடைய காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது, முன்பைவிடக் குறைவாக.

அந்தச் சமயத்தில்தான் நடைபாலம் வந்தது. சாலையின் இரண்டு பக்கமும் இருந்த கட்டிடங்களை மேலே இணைக்க, பெரிய இரும்புச் சட்டங்களைத் தூக்கி வைக்க வேண்டும். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை சாலையை மூட அனுமதி கிடைத்திருந்தது. ஒரு சட்டத்தை வைத்துவிட்டு அடுத்தது, நடுவில் இடைவெளி கிடையாது. என்ஜினியர் ஒரு இளம்பெண், கண்டிப்பானவர். என் அறை வாசலில் நின்றுதான் அண்ணனிடம் சொன்னார்.

"நீங்கதான் தூக்கணும். உங்க கை எனக்கு வேணும். ஆனா ஒண்ணு, இங்க காத்து ரொம்ப ஜாஸ்தியா அடிக்குது. பக்கத்து சைட்டுல அடிக்காத காத்து நம்ம சைட்டுல மட்டும் எப்படின்னு எனக்குப் புரியல. அதனால இனிமே கீழயும் தெரியற மாதிரி மீட்டர் மாட்டச் சொல்லியிருக்கேன். மேல ஓடற முள்ளு என் கையிலயும் ஓடும்."

"நல்லது மேடம்," என்றான் அண்ணன். அவன் உதடு வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.

அந்த வாரம் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் சீட்டு போகும். சொல்லாமல் ஏறி, நடுவில் வந்துவிட்டால்? காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று அவனே கேட்டான், அவனே வேண்டாம் என்றான். மறுபடி பட்டினி கிடக்கப் பார்த்தான். அண்ணி விடவில்லை. "சாப்பிடாமப் போனா மேல மயக்கம் வரும். அப்ப எந்த மீட்டர்ல காட்டுவீங்க?" ஞாயிறு காலையில் கொஞ்சம் சோறும் அவித்த முட்டையும் அவன் முன்னால் வைத்தார். தட்டில் தேள் உட்கார்ந்திருப்பதுபோல அதைப் பார்த்தான். பாதி சாப்பிட்டான். ஷூவைப் போட்டான், கழற்றினான், போட்டான்.

சாலையின் இரு முனையிலும் தடுப்பு வைத்திருந்தார்கள். எதிர்வீட்டுப் பால்கனிகளில் ஜனம் ஃபோனை நீட்டிக்கொண்டு நின்றது. வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. இலை அசையவில்லை. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறினான். இரும்புக்குள் சின்னதாகிக்கொண்டே போய்க் கூண்டுக்குள் மறைந்தான்.

முதல் சட்டம் போனது. விசில் கீழேயிருந்து பாட்டுப் பாடுவதுபோலச் சொல்லிக்கொண்டே இருந்தார். "வா தம்பி, வா, வா, கொஞ்சம் வலது, நிறுத்து, விடு, விடு... பூ மாதிரி உக்காந்துடுச்சு." இரண்டாவதும் போனது. கட்டிடத்தின் மேலே, சட்டம் ஆடாமல் கயிறு பிடித்து நின்றவர்கள் கையை உயர்த்திக் காட்டினார்கள். நான் மூச்சு விட்டேன்.

மூன்றாவது சட்டம் தரையை விட்டு எழும்பி, பாதி உயரத்தில் நின்றது.

"இன்னும் மேல தம்பி. மேல... தம்பி?"

பதில் இல்லை. சட்டம் காலியான சாலைக்கு மேலே மெதுவாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் திரும்பிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" இது என்ஜினியர் குரல். "காத்து இல்லையே. மீட்டர்ல ஒண்ணுமே இல்ல."

வாக்கியில் ஒரு சொடுக்குச் சத்தம் கேட்டது. பேசுவதற்கான பொத்தானை அழுத்தினால் வரும் சத்தம். அழுத்திவிட்டுப் பேசாமல் விட்டிருக்கிறான். மறுபடி ஒரு சொடுக்கு. மூச்சு மட்டும் கேட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன். என் கையில் இருந்த வாக்கியின் பொத்தான் மேல் என் கட்டைவிரல் இருந்தது. என்ன சொல்வதற்காக என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"காத்து இல்ல மேடம்," என்றான் அண்ணன். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "எனக்கு வயிறு. சுமையை எறக்கணும். நான் கீழ எறங்கணும்."

அதே அலைவரிசையில் ஓடும் வாக்கி மேலே கயிறு பிடிப்பவர்களிடம் இருந்தது. சாலைத் தடுப்பில் நின்றவர்களிடம் இருந்தது. சட்டம் கொண்டுவந்த லாரிக்காரரிடம் இருந்தது. யாரோ பொத்தானை அழுத்தியபடி சிரித்தார்கள், யாரோ அவர்களை அதட்டினார்கள், சிரிப்பு பாதியில் அறுந்தது.

"எவ்வளவு நேரம் தாங்கும் தம்பி?" என்றார் விசில், மழை வருமா என்று கேட்பதுபோல.

"கீழ வைக்கற வரைக்கும் தாங்கும்."

"அப்ப அவசரமே இல்ல. என் பேச்சை மட்டும் கேளு. எல்லாரும் விலகுங்கப்பா! இடது தம்பி. இன்னும் இடது. இப்ப எறக்கு. மெதுவா. நான் இருக்கேன், எறக்கு."

அந்தச் சட்டம் இறங்கிய நேரத்தில் நான் எத்தனை வேண்டுதல் வைத்தேனோ. ஒரு தடவை நின்றது. எல்லோரும் கூண்டைப் பார்த்தார்கள். வெயில் பட்டுக் கண்ணாடி மின்னியதால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பிறகு மறுபடி நகர்ந்தது. கீழே அடுக்கியிருந்த மரக்கட்டைகள் மேல் சத்தமே இல்லாமல் அமர்ந்தது. கொக்கியைக் கழற்றிவிட்டு விசில் சொன்னார், "ஆச்சு. வா."

அவன் இறங்கியதுதான் அன்றைக்கு மிக நீளமானது. என் அறையைத் தாண்டிப் பின்பக்கம் போனபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. போய்ச் சேர்ந்தான்.

வெளியே வந்தபோது என்ஜினியர் நின்றுகொண்டிருந்தார். அடுத்த சைட்டிலிருந்து வேறு ஆபரேட்டரை வரச் சொல்லியிருந்தார். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப சரியாயிடுச்சு. மிச்சத்தை நானே வெச்சுடறேன் மேடம்," என்றான்.

"வேணாம்."

"மறுபடி வந்தா மறுபடி சொல்றேன். கீழ வைக்கற அளவுக்கு நேரம் எனக்கு எப்பவும் இருக்கும். அது எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். எனக்கு?" அவர் குரல் உயரவில்லை. "போன மாசம் சிமென்ட் லாரி காத்துக் கெடந்தப்ப காத்துன்னு நிறுத்தினீங்களே, அது?"

அண்ணன் தலை குனிந்தான். "அது காத்து இல்ல."

"அதுக்கு முன்னாடி, மழை வர்ற மாதிரி இருந்தப்ப?"

"அது காத்துதான் மேடம். சத்தியமா காத்து."

"நான் எப்படி நம்பறது?"

சைட்டில் அவன் ஒரு சொல் சொன்னால் வேலையே நின்றதே, அந்தச் சொல் அவன் கையை விட்டுப் போய்விட்டது என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். என் மேசைப் பக்கம் வந்து, ஹெல்மெட் அடுக்கியிருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். வந்த ஆபரேட்டர் மிச்சச் சட்டங்களை வைத்து முடிக்கும்வரை அங்கேயே இருந்தான். "வலது, வலது, ஐயோ சீக்கிரம் விடறானே," என்று வாய்க்குள் முணுமுணுத்தான். சாலையைச் சொன்ன நேரத்துக்குத் திறக்க முடியவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு ஹாரனுக்கும் அண்ணன் சுருங்கினான்.

எல்லாம் முடிந்ததும் விசில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மேலே கயிறு பிடித்த இரண்டு பேரும் வந்தார்கள். ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல், "அண்ணே, மேல ஒரு ரூம் கட்டித் தரச் சொல்லட்டுமா? தண்ணிக் குழாய் நாங்க இழுத்துத் தர்றோம்," என்றான்.

"உன் தலைக்கு நேரா கட்டுவாங்க, பரவாயில்லையா?" என்றான் அண்ணன். சொன்னபிறகு தானே திடுக்கிட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

"என் பொண்டாட்டிக்கும் இதேதான்," என்றான் இன்னொருவன். "கடைத்தெருவுக்குப் போனா பாதி வழியில திரும்பிடுவா. நான் சாக்குன்னு நெனச்சு திட்டுவேன்."

விசில் பாத்திரத்தைத் திறந்தார். "ரெண்டு வருஷமா உன்னோட பேசிட்டிருக்கேன். ஒரு நாள்கூட சொல்லல. துண்டு ஆடாத நாள்ல காத்துங்கற. எனக்குத் தெரியாதா? குடும்பத்துல ஏதோ பிரச்சனை, மேல உக்காந்து அழறான்னு நெனச்சிட்டிருந்தேன்." ஒரு கரண்டி சோற்றைப் பாத்திரத்தின் மூடியில் வைத்தார். "இதுல எது ஆகும், எது ஆகாது?"

அண்ணன் எட்டிப் பார்த்தான். "வெங்காயத்தை ஒதுக்கிடுங்க. மிச்சம் ஆகும்னு நெனைக்கறேன். தெரியல."

வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணி கடைசிவரை கேட்டுவிட்டு, "எல்லாருக்கும் கேட்டுச்சா?" என்றார்.

"எல்லாருக்கும்."

"நல்லவேளை. இனிமே நான் ஒவ்வொருத்தர்கிட்டயா மறைக்க வேண்டாம்." சொல்லிவிட்டு உள்ளே போனவர் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

டாக்டர் ஏறலாம் என்று சொன்னால் ஏறட்டும் என்று என்ஜினியர் ஒப்புக்கொண்டார். அதற்கு நிபந்தனைகள் உண்டு. பெரிய சுமை தூக்கும் நாளில் இன்னொரு ஆபரேட்டர் கீழேயே இருக்க வேண்டும். இறங்க வேண்டுமென்றால் காரணத்தைச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். காற்று என்றால் அவர் மீட்டரைப் பார்த்த பிறகுதான் வேலை நிற்கும். கடைசி நிபந்தனையை மட்டும் அண்ணன் என்னிடம் இரண்டு தடவை சொன்னான். மற்றதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

அவன் மறுபடி ஏறிய அன்று காலையில் வீட்டில் கதவு வழக்கம்போலத் திறந்து திறந்து மூடியது. ஏணியில் கை வைத்ததும் வழக்கம்போல நின்றான். ஏறினான். முதல் சில சுமைகள் மேலே போயின. நான் வந்தவர்களின் பெயரைத் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறும் நேரத்தில் வாக்கி சொடுக்கியது.

"விசில், கொக்கி காலி. ஒரு தடவை கீழ போயிட்டு வந்துடறேன்."

"வா தம்பி. நாங்களும் தண்ணி குடிச்சுக்கறோம்."

அவ்வளவுதான். சாரத்தில் இருந்தவர்கள் கீழே பார்த்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். லாரிக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். யாரும் தலையைத் தூக்கவில்லை. நான் மட்டும் அறையை விட்டு வெளியே வந்து, ஏணிக்குள் ஒரு ஹெல்மெட் பெரிதாகிக்கொண்டே வருவதை, அது தரைக்கு வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.